காய் இருக்கும் இடம்தான் அதுங்களுக்கு ஊர்

குளிர் வந்தா பறவைகள் தெற்கே போகும், குளிர் போனா திரும்பும்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். அந்தக் கணக்குல அடங்காத ஒரு கூட்டம் இருக்கு. கனடாவின் வடக்குக் காடுகளில் வாழும் ஃபிஞ்ச் குருவிகள். இதுங்க காலண்டரைப் பார்க்கறதில்லை, மரத்தைப் பார்க்கும்.

பைனும் ஸ்ப்ரூஸும் வருஷா வருஷம் ஒரே மாதிரி காய்க்காது. ஒரு வருஷம் கிளை தாழும் அளவுக்குக் காய்க்கும், இன்னொரு வருஷம் ஒண்ணுமே இருக்காது. காய் இல்லாத வருஷம், ஃபிஞ்ச்கள் கூட்டமா கிளம்பி எங்கே காய் இருக்கோ அங்கே போயிடும். அதனால 1999 முதல் ஒன்டாரியோவில் ரான் பிட்டவே என்பவர், எந்தக் காட்டில் எவ்வளவு காய்ன்னு பலரிடம் கேட்டு, இந்தக் குளிருக்கு எந்தக் குருவி எங்கே வரும்னு வானிலை அறிக்கை மாதிரி வெளியிட்டார். 2020லிருந்து அதை டைலர் ஹோர் செய்யறார்.

இந்தக் கூட்டத்தில் ஸ்டார், கிராஸ்பில். அதன் அலகு நுனி ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு குறுக்கா போகும். மூடின பைன் காயின் செதிலுக்குள் அதை விட்டு நெம்பி, நாக்கால விதையை இழுத்துக்கும். விதை நிறைய கிடைச்சா, ஜனவரி பனியிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்!

சரி, ஏன் விடியற்காலையில் போகணும்? டிசம்பரில் அங்கே இரவு சுமார் 15 மணி நேரம். பைன் சிஸ்கின்னு ஒரு பொடிக்குருவி, தன் எடையில் பத்து சதவீதம் வரை விதையைத் தொண்டைப் பையில் அடைச்சுக்கிட்டுத் தூங்கப்போகும். அதுவும் விடியறதுக்குள் தீர்ந்துடும். அதனால முதல் வெளிச்சத்திலேயே பசியோட மரத்துக்கு வந்துடும்.

போனதும் பைனாகுலரை எடுக்காதீங்க. முதல்ல காது. தலைக்கு மேல 'கிப் கிப்'னு கேட்டா கிராஸ்பில். அப்புறம் பனியைப் பாருங்க. மரத்தடியில் காய்ச் செதில்கள் புதுசா சிதறிக்கிடந்தா, அங்கேயே அசையாம நில்லுங்க.

கடைசியா ஒரு முக்கியமான விஷயம். டொராண்டோவுக்கு வடக்கே அல்கோன்குவின் பூங்கா வழியா 60ஆம் நெடுஞ்சாலை போகுது. பனி உருக உப்பும் மணலும் போடுவாங்க. அந்த உப்புக்கும் பொடிக்கல்லுக்கும் ஃபிஞ்ச்கள் காலையில் ரோட்டிலேயே இறங்கும், வண்டியில் அடிபட்டும் சாகும். அங்கே வர்ற ஈவ்னிங் குரோஸ்பீக், 1970க்குப் பிறகு 90 சதவீதத்துக்கு மேல் குறைஞ்சுபோன பறவை. அதைப் பார்க்கப் போறவங்க வண்டியே அதை அடிச்சுடக் கூடாது இல்லையா? ரோட்டில் கூட்டம் தெரிஞ்சா, பின்னாடி வண்டி வருதான்னு பார்த்து மெதுவா போங்க. ஓரமா நிறுத்த இடம் கிடைச்ச பிறகு கேமராவை எடுக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.