உணர்விழந்த பாதமும் காக்கும் கண்ணும்



கல்விக்கு எடுத்த விழாவில் காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் உண்டு.

தொழுநோய் குணமாகும் நோய். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை, நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் கிருமி ஒழிகிறது. ஆயினும் நெடுநாள் நலிந்துவிட்ட நரம்பு அம்மருந்தால் மீள்வதில்லை. ஆகவேதான் நோய் நீங்கி வீடு திரும்பியவரின் பாதமும் புண்ணாகிறது. சதை அழுகி விரல் விழுகிறது என்று ஊரார் சொல்வது தவறு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத் தெளிவாக்கினார். வலி தெரியாமையால் கவனிக்கப்படாத காயங்களே விரல்களைக் குறைக்கின்றன.

முள் தைத்தால் நாம் நொண்டுகிறோம். நொண்டுவதால் பாதம் தப்புகிறது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு பகல் முழுவதும் செங்கல் சுமந்தார். மாலையில் திண்ணையில் இரத்தத்தைக் கண்டு அலறியவன் பேரன்தான்.

வலி செய்யாத காவலைக் கண் செய்தாக வேண்டும். நாள்தோறும் மாலையில் பாதத்தை நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்தெடுத்து, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவுக. சிவப்போ சூடோ கொப்புளமோ உண்டா என்று பார்க்க வேண்டும். பார்வை மங்கிய முதியோருக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். மடங்கிய விரல்களைத் தொடைமீது வைத்து, மற்றக் கையால் மெதுவாக நீவி நிமிர்த்துக. நடக்கும்போது சிறு அடிகளாக, இடையிடையே அமர்ந்து செல்க. நரம்பில் புதிதாக வலியோ, கையில் புதிய தளர்ச்சியோ கண்டால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாள் கடத்தினால் மீளக்கூடிய வலுவும் போய்விடும்.

எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு பாரத்தைப் பாதமெங்கும் பரப்புகிறது. அதில் ஆணி அடிக்கலாகாது. ஒட்டியும் தைத்துமே ஆக்க வேண்டும். அந்தத் தையலை நம்மவர் கைகள் நன்கறியும். எந்தத் தொழிலைச் சொல்லி நம்மை ஒதுக்கினார்களோ, அந்தத் தொழிலே இங்கு மருத்துவத்தின் ஓர் அங்கமாக நிற்கிறது.

நடை நல்லது என்று எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை புண்பட்ட பாதத்துக்கு ஆகாது. அதற்கு ஓய்வே மருந்து. இதனை அப்பெரியவரிடம் சொன்னோம். "நான் படுத்துக்கிட்டா கூலிக்கு யாருப்பா போறது?" என்றார். எங்களிடம் விடை இல்லை. அவர் பேரன் அந்த வாரம் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போனான்.

ஆதலால் இந்த அவையை ஒன்று கேட்கிறோம். வெள்ளிவிழா நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, புண் ஆறும் வரையில் அத்தகைய வீடுகளுக்கு அரிசி வழங்குங்கள். பேரனின் பெயர் இன்னும் நம் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது.