காமிரா யார் கையில்?



உடலில் புண் உண்டானால் அதைப் பிறர் கண்ணால் காணலாம். காய்ச்சல் வந்தால் அளந்தறியக் கருவி உண்டு. மனம் நோயுற்றாலோ, காட்டுவதற்குப் புண்ணும் இல்லை. அளப்பதற்குக் கருவியும் இல்லை. நோயுற்றவர் தம் துன்பத்தைச் சொல்லால்தான் உணர்த்த வேண்டும். ஆனால் அந்தச் சொல்லையே நோய் முதலில் பறித்துக்கொள்கிறது. இந்த நிலையில் புகைப்படக் கலை செய்யக்கூடிய உதவியைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

மனநோய்க்கும் காமிராவுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. இங்கிலாந்தில் சர்ரே மாவட்ட மனநோய் மருத்துவமனையில், 1848 முதல் 1858 வரை பெண்கள் பகுதியின் தலைவராக இருந்தவர் ஹியூ வெல்ச் டைமண்ட் என்னும் மருத்துவர். 1851-ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்பவர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். சில நொடிகளிலேயே தெளிவான படம் எடுப்பது அதனால் எளிதாயிற்று. டைமண்ட் அம்முறையைக் கையாண்டு தம்மிடம் இருந்த நோயாளிப் பெண்களைப் படம் பிடித்தார். 1856-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் அதன் பயன்களை எடுத்துரைத்தார். முகக் குறிகளைக் கொண்டு நோயை ஆராயலாம். தம் உருவத்தைத் தாமே காண்பது நோயாளிக்கு நலம் செய்யும். குணமடைந்து சென்றவர் மீண்டும் வந்தால் அடையாளம் காணலாம் என்பன அவை.

டைமண்டின் நோக்கத்தில் இரக்கம் உண்டு. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். காமிரா மருத்துவர் கையில் இருந்தது. நோயாளி அதன் எதிரே அமர்ந்திருந்தார். அப்படங்கள் அப்பெண்களின் முகத்தைக் காட்டின. அவர்கள் கண்ட உலகைக் காட்டவில்லை.

காமிரா கை மாறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1990-களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்னும் இருவர், சீனாவின் யுன்னான் மாநிலத்துச் சிற்றூர்ப் பெண்களிடம் காமிராக்களை அளித்தனர். தங்கள் உழைப்பையும் உடல்நலத்தையும் அப்பெண்களே படம் பிடித்து அதிகாரிகளுக்கு எடுத்துக்காட்டினர். இம்முறைக்குப் 'போட்டோவாய்ஸ்' என்று பெயர். பின்னர் பல நாடுகளில் மனநோய்க்கு ஆளானவர்களும் இதை மேற்கொண்டனர். படம் எடுத்தவர்கள் ஒன்றாகக் கூடுவார்கள். 'இப்படத்தில் என்ன காண்கிறோம்? உண்மையில் என்ன நடக்கிறது? நம் வாழ்வோடு இதற்கு என்ன தொடர்பு? இந்நிலை ஏன் உண்டாயிற்று? இனி என்ன செய்யலாம்?' என்று கேட்டுப் பேசுவார்கள். படம் பேச்சுக்கு வாயில் திறந்துவிடுகிறது.

இதன் உண்மையை என் வாழ்விலேயே நான் அறிந்திருக்கிறேன். கல்லூரியில் பயின்ற காலத்தில் மனச்சோர்வு நோய் என்னைப் பற்றியது. 'என்ன செய்கிறது?' என்று மருத்துவர் கேட்பார். 'ஒன்றும் இல்லை' என்பேன். அதற்கு மேல் சொல் எழாது. 'சொல்ல முடியாவிட்டால் படம் எடுத்துக் காட்டுங்கள்' என்றார் அவர். நான் எடுத்த முதற் படம், வாசற்படிக்கு அப்பால் கிடந்த என் செருப்புகள். அவற்றின் மேல் பல நாள் தூசி படிந்திருந்தது. அதுவரை என்னைச் சோம்பேறி என்றே எண்ணியிருந்த என் தாயார் அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். 'இந்த வாசல் உனக்கு இத்தனை தொலைவாகவா இருந்தது?' என்று கேட்டார். அதன்பின் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் அவரே உடன் வந்தார்.

என்னைக் குணப்படுத்தியது காமிரா என்று கூற மாட்டேன். மருந்தும், மருத்துவரோடு பேசிய பேச்சும், வீட்டாரின் பொறுமையும் சேர்ந்தே என்னை மீட்டன. மீட்சியும் நேர்க்கோட்டில் வரவில்லை. சில வாரங்கள் ஒரு படமும் இல்லை. சில வாரங்களில் மூடிய சன்னல் மட்டும். பல திங்கள் சென்றபின் அதே செருப்புகளை மீண்டும் எடுத்தேன். அப்பொழுது அவற்றில் தெருவின் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. நான் தேறி வருகிறேன் என்பதை என் மனம் நம்ப மறுத்த நாட்களில் அந்தச் சேறு எனக்குச் சான்றாக நின்றது.

இன்று உங்களில் பலர் கையில் காமிரா உள்ள தொலைபேசி இருக்கிறது. ஆதலின் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவருடைய இசைவின்றி ஊடகங்களுக்கு அளிக்கலாகாது என்கிறது. சட்டம் எட்டாத தெருவிலும் இதே அறம் பொருந்தும். மனம் கலங்கித் தெருவில் நிற்கும் ஒருவரைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி நகைப்பது, பேச இயலாதவரின் வாயைப் பொத்துவது போன்றதாகும். தம் படத்தைத் தாமே எடுத்தவருக்கும் அதைப் பிறருக்குக் காட்டவும், காட்டாமல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு.

உங்கள் தோழர் ஒருவர் சில நாட்களாகப் பேச்சற்று ஒதுங்கியிருந்தால், அவர் முகத்தை ஆராய வேண்டா. அவர் பக்கத்தில் அமருங்கள். அவர் ஒரு படத்தைக் காட்டினால், 'அழகாக இருக்கிறது' என்றோ 'நன்றாக இல்லை' என்றோ தீர்ப்புக் கூறாமல், 'இதில் நீ என்ன பார்த்தாய்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை காத்திருங்கள். அவர் துன்பம் ஆழமானது என்று தோன்றினால், தயங்காமல் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அவரோடு துணையாகச் செல்லுங்கள்.