புற்றின் அடையாளமும் ஆயுளின் கணக்கும்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் சுற்றியிருப்போர் கேட்கும் முதற் கேள்வி மருந்தைப் பற்றியதன்று, "பிழைப்பாரா?" என்பதே அது. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் சென்ற காலம் போய், பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லும் காலம் வந்திருக்கிறது. ஆனால் கேள்வி மாறவில்லை. அக்கேள்விக்கு விடை கூறக் கட்டியின் உயிரணுக்களுக்குள்ளேயே சில அடையாளங்கள் உண்டு என்று விஞ்ஞானம் இப்போது கூறுகின்றது. தலையிலும் கழுத்திலும் தோன்றும் புற்றுநோயைப் பொறுத்தவரை அவ்வடையாளங்கள் எவற்றைச் சொல்லும், எவற்றைச் சொல்லா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

டில்லியின் மேற்கே உள்ள ஜனக்புரி நம்மவர்க்குப் புதிய இடமன்று. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. டில்லி மாநிலப் புற்றுநோய் நிறுவனம் தன் மேற்குக் கிளையை நிறுவியதும் அங்கேதான். மருத்துவமனை அருகில் இருப்பதனால் மட்டும் நோய் நம்மை அணுகாமல் இருந்துவிடாது. ஊரில் வெற்றிலை, பாக்கு, புகையிலை என்றிருந்த பழக்கம், வடக்கே வந்தபின் ஜர்தா, கைனி, குட்கா என்று பெயர் மாறித் தொடர்வதை நாம் காண்கிறோம். 2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டின்படி இந்தியாவில் அவ்வோராண்டில் சுமார் 1,43,000 பேருக்கு உதட்டிலோ வாயிலோ புதிதாகப் புற்றுநோய் கண்டது. சுமார் 80,000 பேர் அதனால் இறந்தனர். நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

உயிரணுவின் அடையாளம் என்பது யாது? கட்டியிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். இன்று அத்துணுக்கில் ஒரு குறிப்பிட்ட புரதம் மிகுந்திருக்கிறதா, ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதுபட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அவற்றுள் பெயர் பெற்றது பி-16 என்னும் புரதம். பாப்பிலோமா என்னும் வைரஸ் தொண்டையில் புகுந்து புற்றை உண்டாக்கும்போது, உயிரணுவின் கட்டுப்பாடு ஒன்று குலைந்து இப்புரதம் பெருகிவிடுகிறது. ஆகவே பி-16 மிகுந்து காணப்பட்டால், அந்தத் தொண்டைப் புற்றுக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ் என்று கொள்ளலாம்.

இதனால் என்ன பயன்? 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு முடிவை வெளியிட்டனர். டான்சில், நாக்கின் அடிப்பாகம் முதலிய இடங்களில் முற்றிய புற்று உடையவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். வைரஸினால் நோய் கண்டோரில் நூற்றுக்கு 82 பேர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். வைரஸ் இல்லாத கூட்டத்தாரில் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு 57 பேர். நோய் ஒன்றே, சிகிச்சை ஒன்றே. விளைவில் இத்துணை வேற்றுமை! இதன் பயனாக, 2018 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த நோய்நிலைப் பிரிவில், பி-16 மிகுந்த தொண்டைப் புற்றுக்குத் தனி இடமே அளிக்கப்பட்டது. ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. புகைபிடித்த ஆண்டுகள் கூடக்கூட, வைரஸினால் வரும் இந்த நன்மையும் குறைந்துகொண்டே போயிற்று.

நற்குறி உடையவர்களுக்குக் கடுமையான சிகிச்சை எதற்கு, சற்றே எளிதான மருந்தைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணமும் எழுந்தது. சிஸ்பிளாட்டின் என்னும் பழைய மருந்துக்குப் பதிலாகச் செடுக்சிமாப் என்னும் புதிய மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் இரு பெரிய சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. புதிய மருந்தைப் பெற்றவர்களே குறைவாகப் பிழைத்தனர். ஆயுளைக் கணித்துக் கூறுவது வேறு, சிகிச்சையை மாற்றத் துணிவது வேறு என்பதை மருத்துவ உலகம் இதனால் உணர்ந்தது.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். மேனாடுகளில் வைரஸினால் வரும் தொண்டைப் புற்று பெருகிவருகிறது. நம் நாட்டிலோ பெரும்பான்மையானது கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றிலும் நாக்கிலும் புகையிலையாலும் பாக்காலும் உண்டாகும் புற்றாகும். இதில் வைரஸின் பங்கு சிறிது. பி-16 கூறும் குறி இங்கே பயன்படுவதில்லை. இதை நாம் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். கன்னத்தில் புற்று உடைய ஒருவரின் அறிக்கையில் "பி-16 நெகடிவ்" என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அங்குமிங்கும் படித்துவிட்டு, "இனித் தேறாது" என்று எண்ணிச் சோர்வடைகிறார்கள். உண்மையில் அச்சொல்லில் அச்சத்துக்கு இடமே இல்லை. அது வேறோர் இடத்து நோய்க்காக ஏற்பட்ட அளவுகோல்.

நமது நோய்க்கு உரிய அடையாளங்களை நம் விஞ்ஞானிகளும் தேடிவருகிறார்கள். மேற்கு வங்காளத்துக் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணு நிறுவனமும் மும்பையின் டாட்டா நினைவு மையமும் முன்னின்று, ஈறு, கன்னப் புற்றுடைய 110 பேரின் கட்டிகளை ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டன. பழுதுபட்ட மரபணுக்களுள் முக்கியமானது பி-53. இது உயிரணுவின் காவலன் போன்றது. இது கெட்டால் பழுதான அணு அழியாமல் பெருகும். 2007-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அறுவைச் சிகிச்சை பெற்ற 420 பேரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இது பழுதுபட்டிருந்தது. பழுது கடுமையாக இருந்தவர்களின் ஆயுளும் குறைந்திருந்தது. ஆயினும் வாய்ப் புற்றுக்கு இன்ன சிகிச்சை என்று முடிவு செய்ய இதை மட்டும் நம்புவார் இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்த எண்கள் யாவும் கூட்டத்தைப் பற்றியவை. நூற்றுக்கு 82 என்பது, நம் வீட்டு நோயாளி அந்த 82 பேரில் ஒருவரா, எஞ்சிய 18 பேரில் ஒருவரா என்று கூறாது. தீக்குறி உடையதாகச் சொல்லப்பட்ட கூட்டத்திலும் பாதிக்கு மேற்பட்டோர் உயிருடன் இருந்தார்கள் அன்றோ?

அப்படியானால் நாம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை எவை? புற்று எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, அறுத்தெடுத்த ஓரங்களில் நோய் எஞ்சியிருக்கிறதா என்பவையே. வாய்ப் புற்றில் ஆயுளை அறிவிக்கும் உறுதியான குறிகள் இன்றும் இவைதாம். 2015-ஆம் ஆண்டில் டாட்டா மருத்துவமனை வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்று. வாய்ப் புற்றின் தொடக்க நிலையில், கழுத்தில் நெறி தென்படாதபோதே அக்கணுக்களையும் சேர்த்து அகற்றியவர்களில் நூற்றுக்கு 80 பேர் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தனர். நெறி கட்டிய பின் அகற்றலாம் என்று காத்திருந்தவர்களில் 67 அல்லது 68 பேரே வாழ்ந்தனர்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே தனியாகவும் ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அடையாற்றில் காட்டலாம் என்று எண்ணுவது இயல்பே. 1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் நம் பெருமைக்குரியது. எங்கே சிகிச்சை பெறுவது என்பது அவரவர் வசதி. ஆனால் அறுவைக்கு ஓரிடம், ஓய்வுக்கு ஓரிடம், கதிர் சிகிச்சைக்கு ஓரிடம் என்று அலைவதில் நாட்கள் கழிந்துவிடுகின்றன. அறுவைக்குப் பின் கதிர் சிகிச்சை தேவையாயின் 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். தொடங்கியபின் இடையில் நிறுத்தலாகாது. விலையுயர்ந்த மரபணுச் சோதனையின் முடிவுக்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் நேரே கேட்டுவிட வேண்டும். ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்வது விளங்காவிட்டால், விளங்கக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் கூச்சம் வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. எந்தச் சோதனைக் கூடமும் இல்லாமல் வெறுங் கண்ணாலேயே காணத்தக்க அடையாளங்கள் சில உண்டு. மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய்க்குள் வெண்மையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, வாயைத் திறக்க முடியாமல் இறுகுதல், கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகியவை அவை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றினால் நேர்ந்த மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது 2005-இல் வெளியான முடிவு. புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் 2004-ஆம் ஆண்டின் வெளியீட்டில் உறுதி செய்திருக்கிறது. ஆகவே பழக்கத்தை இன்றே விடுவதும், கண்ணாடி முன் நின்று மாதம் ஒருமுறை வாயைத் திறந்து பார்ப்பதும், ஐயம் தோன்றினால் அந்த வாரமே மருத்துவரை அணுகுவதும் நம் கையில் உள்ளவை. அவற்றை நாம் செய்வோமாக.