மூடிக்குள் தெரியும் கைத்திறன்

கையால் கடைந்த பேனா என்றதும் ஊற்றுப் பேனாதான் நம் நினைவுக்கு வரும். ராஜமுந்திரியின் ரத்னம் பேனா, அதைப் பாராட்டி 1935-இல் காந்தி எழுதிய கடிதம், இன்றும் எபோனைட் என்ற கெட்டி ரப்பர்த் தண்டைக் கடைந்து பேனா செய்துவரும் திருவள்ளூர் ரங்கா பட்டறை என்று அதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. அதே லேத்தில் இப்போது வேறொரு பொருளும் கடைகிறார்கள். ஸ்கெட்ச் பேனா, மார்க்கர், ஃபைன்லைனர் என்று பல பெயரில் கடையில் கிடைக்கிறதே, அந்த நார்முனை எழுதுகோலின் ரீஃபிலுக்காகத் தனியாக ஓர் உடலும் மூடியும் செய்வது. மை தீர்ந்ததும் தூக்கி எறிகிற சாமானுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, இது கைவினையா, காசு உள்ளவர்களின் ஆசையா என்று கேட்பவர்கள் உண்டு. கைவினைதான் என்பது என் கருத்து. ஒரு விஷயத்தில் இது ஊற்றுப் பேனாவைவிடக் கடைசல்காரரைக் கடுமையாகச் சோதிக்கிறது என்றும் சொல்வேன். அந்தச் சோதனை நடப்பது வெளியே பளபளக்கும் உடலில் இல்லை, மூடியின் உட்புறத்தில்.

காரணம் நார்முனை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஜப்பானின் பென்டெல் நிறுவனம் 1963-இல் சைன் பென் என்ற பெயரில் வெளியிட்ட எழுதுகோல் உலகெங்கும் பரவியது. இன்றைய நார்முனைகள் பலவும் அதன் வழிவந்தவை. உள்ளே நெருக்கமாகக் கட்டிய செயற்கை நார்க்கட்டு, மையைப் பிடித்து வைத்திருக்கும். முனையில் உள்ள நார் இன்னும் நெருக்கமானது. குத்துவிளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அந்த நெருக்கம் மையை முனைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். எழுதாதபோதும் இந்த இழுப்பு நிற்காது. பந்துமுனைப் பேனாவில் மை கெட்டிப் பசை. உருளை அதை அடைத்தும் நிற்கிறது. மூடாமல் மேசையில் கிடந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. ஊற்றுப் பேனா காய்ந்தால் தண்ணீர் விட்டுக் கழுவி மீட்டுவிடலாம். நார்முனையோ ஈரத்தோடு காற்றைப் பார்த்தபடி நிற்கிறது. அது முழுக்கக் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் ரீஃபிலைக் குப்பையில் போட வேண்டியதுதான். அழியாத மார்க்கரில் மையைக் கரைத்து வைத்திருப்பது ஆல்கஹால் வகைத் திரவம் என்பதால் அது இன்னும் சீக்கிரம் ஆவியாகும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசல் மேசைக்கு வருவோம். உருண்டைமுனைப் (ரோலர்பால்) பேனாவுக்கு உரிய அளவிலேயே நார்முனை ரீஃபிலும் ஜெர்மனியிலிருந்து வருகிறது. சுமார் 110 மில்லிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன், முன்னால் மெலிந்த ஒரு மூக்கு. விரல் பிடிக்கும் முன்பகுதியில் இதற்கு இரண்டு துளை வேண்டும்: ரீஃபிலின் உடல் நுழையப் பெரியது, மூக்கு வெளியே வரச் சிறியது. இரண்டும் சந்திக்கும் படியில்தான் ரீஃபில் உட்கார வேண்டும். சாதாரண ட்ரில் பிட்டின் நுனி கூம்பு வடிவம். அது போட்ட துளையின் அடியும் கூம்பாகவே இருக்கும். ரீஃபிலின் தோளோ தட்டையானது. கூம்பின்மேல் தட்டைத் தோள் ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும். எழுதும்போது முனை ஆடும். எனவே அந்தப் படியைத் தட்டையான கருவி விட்டுத் தனியாகச் சமன் செய்தாக வேண்டும். துளையிடும்போது அடிக்கடி பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டாவிட்டால் எபோனைட் சூடேறிக் கந்தக நாற்றம் அடிக்கும், அக்ரிலிக் இளகிப் பிட்டோடு ஒட்டும். இந்த வேலைகளில் எதுவும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை.

இனி மூடி. நல்ல மூடிக்குள் இன்னொரு சிறு மூடி இருக்கும். மூடியைத் திருகும்போது முன்பகுதியின் விளிம்பு அந்த உள்மூடியின் ஓரத்தில் போய் அழுந்தி, முனையைச் சுற்றிக் கொஞ்சமே காற்று உள்ள ஓர் அறையை அடைத்துவிட வேண்டும். அறை எவ்வளவு சிறியதோ அவ்வளவு குறைவாக மை ஆவியாகும். சிக்கல் என்னவென்றால், மூடி இரண்டு இடத்தில் முட்டுகிறது: உள்ளே உள்மூடியில், வெளியே பேனா உடலின் தோளில். வெளியே முதலில் முட்டினால் மூடிக்கும் உடலுக்கும் இடையே கோடே தெரியாது. கண்காட்சியில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் உள்ளே மயிரிழை இடைவெளி விழுந்து, சில வாரங்களில் முனை வறண்டுவிடும். பேனாவுக்கு நியாயம் செய்பவர் உட்புறம் முதலில் முட்டும்படி கடைந்து, வெளியே ஒரு மெல்லிய கோடு தெரிவதைப் பொறுத்துக்கொள்வார். அழகும் பயனும் நேருக்கு நேர் மோதுகிற இடம் இது. அங்கே அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை வைத்துத்தான் அவருடைய கலையை எடைபோட வேண்டும் என்கிறேன். பொருள் தேர்விலும் இதே கதைதான். மரம் பார்க்க அழகு, ஆனால் மழைக்காலத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், ஆவியையும் கசியவிடும். உள்ளே பிளாஸ்டிக் உறை இல்லாத மர மூடி நார்முனைக்கு ஆகாது. அக்ரிலிக்கில் கடையும்போது ஏறிய சூடு உள்ளே இறுக்கமாகத் தங்கியிருக்கும். ஆல்கஹால் மையின் ஆவி பட்டுப் பட்டு அதில் மயிர்க்கோடுகளாக விரிசல் விழலாம். எபோனைட்டில் மரை துல்லியமாக விழும், கைக்கும் இதமானது. வெயில் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும் என்பது அதன் குறை.

ரீஃபிலே தொழிற்சாலைச் சரக்கு, அப்புறம் இதில் கைவினை எங்கே என்பது பலரும் சொல்லும் மறுப்பு. அப்படிப் பார்த்தால் நாம் கொண்டாடும் ஊற்றுப் பேனாக்களும் தேறாது. திருவள்ளூரில் கடையும் பேனாக்களில் பலவற்றில் இருப்பது ஜெர்மனியில் செய்த நிப்புதான். அதனால் கடைசல்காரரின் உழைப்பை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. தன் கையில் இல்லாத ஒரு பொருளின் பிடிவாதங்களுக்கு இடம் கொடுத்து, அதைச் சுற்றி ஒரு வீடு கட்டுவது தனித் திறமை. விலையைப் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் மார்க்கர் அதே கோட்டைத்தான் போடும். அதன் பாலிபுரொப்பிலீன் மூடி காற்றையும் நன்றாகவே அடைக்கும். எப்போதாவது எழுதுபவருக்கு அதுவே போதும், சந்தேகமில்லை. நாள் முழுக்கப் படம் வரைபவர் நிலை வேறு. மெல்லிய நார்முனையைச் சற்று நிமிர்த்திப் பிடித்தால்தான் கோடு சீராக விழும்; ஒல்லியான பேனாவை அப்படி மணிக்கணக்கில் பிடித்தால் விரல் வலிக்கும். அந்தக் கைக்கு ஏற்ற பருமனில் பிடியைக் கடைந்து தருவதற்கு எந்தத் தொழிற்சாலையும் முன்வராது. ஒருவருக்காக ஒன்று என்பது அவர்கள் கணக்கில் வராது.

கணினி லேத் இதைவிடத் துல்லியமாகச் செய்யுமே என்றால், ஆயிரம் செய்ய வேண்டுமானால் செய்யும், மறுப்பதற்கில்லை. ஒற்றைப் பேனாவில், இந்த உடலோடு இந்த மூடியைத் திருகிப் பார்த்து, உட்புறத்தை இன்னும் ஒரு சுரண்டு சுரண்டி, மறுபடி திருகிப் பார்க்கும் கைக்கு அதனால் இழப்பில்லை. நான் லேசில் பதில் சொல்ல முடியாத மறுப்பு ஒன்று உண்டு: நாளை அந்த ரீஃபிலையே நிறுத்திவிட்டால்? பந்துமுனை ரீஃபிலுக்கு ஐ.எஸ்.ஓ. 12757 என்ற உலகத் தரம் இருக்கிறது. மார்க்கர்களோ கம்பெனிக்கு ஓர் அளவு. ஒரே கம்பெனியின் அளவை நம்பிக் கடைந்த பேனா ஒருநாள் அனாதையாகலாம். அதற்காகவே விவரம் தெரிந்தவர்கள், பல கம்பெனிகளும் பின்பற்றும் உருண்டைமுனை அளவுக்குக் கடைகிறார்கள். நார்முனை கிடைக்காத நாளில் உருண்டைமுனை ரீஃபிலாவது அதில் உட்காரும். முன்பகுதியை மரையிட்ட தனித்துண்டாகச் செய்துவிட்டால், அதை மட்டும் மாற்றிக் கடையலாம். ஆபத்து இதனால் முழுக்க நீங்காது, குறையும். ஆகவே இப்படி ஒரு பேனாவுக்குச் சொல்லி வைக்கப் போகிறவர்கள், நிறத்தையும் பளபளப்பையும் பற்றிப் பேசுமுன் எந்த ரீஃபிலை வைத்து அளவெடுத்தீர்கள் என்று கேளுங்கள். எது வேண்டுமானாலும் போடலாம் என்று பதில் வந்தால் வேறு பட்டறையைப் பாருங்கள். ரீஃபிலின் பெயரையும் அளவையும் சொல்லி, மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டுபவரிடம் முன்பணம் கொடுக்கலாம்.