சமன் குறியின் இரண்டு பக்கங்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் அட்சரகணிதம். வானொலியிலும் கணக்கா என்று யாரும் நிலையத்தை மாற்றிவிட வேண்டாம். பத்து நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் நான் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு பகுதியினர் இங்கேயே வளர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள். மற்றப் பகுதியினர் 1995 ஒக்ரோபர் வலிகாம இடப்பெயர்வோடோ, பின்னர் வந்த இடப்பெயர்வுகளோடோ படிப்பு முறிந்துபோனவர்கள். இன்று தாதியாக, கணக்காளராக, மின் வேலை செய்பவராக வர விரும்புகிறார்கள். இரு பகுதியினரையும் வாசலில் மறித்து நிற்பது அட்சரகணிதம்தான். ஆனால் அதன் அத்திவாரம் நான்கைந்து எண்ணங்களுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, எழுத்து. எக்ஸ் என்பது பொருளின் பெயரல்ல. நாம் இன்னும் அறியாத ஓர் எண். பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் தேடுகிறீர்கள். ஒரு மண்டபத்துக்கு வாடகை 400 டொலர், சாப்பாடு ஆளுக்கு 25 டொலர். இன்னொன்றுக்கு வாடகை 1000 டொலர், சாப்பாடு ஆளுக்கு 15 டொலர். எது மலிவு? வருபவர்களின் எண்ணிக்கையை எக்ஸ் என்று வையுங்கள். எக்ஸ் என்பது ஆட்கள் அல்ல, ஆட்களின் எண்ணிக்கை. இந்த வேறுபாடு விளங்காமல்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இரண்டாவது, சமன் குறி. இரண்டு சமாந்தரக் கோடுகளான இக்குறியை 1557இல் வேல்ஸ் நாட்டவரான ரொபேட் ரெக்கோட் தமது நூலில் அறிமுகப்படுத்தினார். இதைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பிள்ளைகள் பலர் இக்குறியை “இனி விடையை எழுது” என்ற கட்டளையாக நினைக்கிறார்கள். அப்படியல்ல, அது ஒரு தராசு. இரண்டு தட்டிலும் ஒரே பாரம் என்பதே அதன் பொருள்.

நமது கணக்கில் ஒரு தட்டில் 400உம் 25 எக்ஸும். மறு தட்டில் 1000உம் 15 எக்ஸும். இரண்டு தட்டிலிருந்தும் 15 எக்ஸை எடுங்கள். பிறகு இரண்டிலிருந்தும் 400ஐ எடுங்கள். 10 எக்ஸ் சமன் 600 என்று வரும். ஆகவே எக்ஸ் 60. அறுபது பேர் வந்தால் இரண்டு மண்டபமும் ஒரே விலை. அதற்கு மேல் வந்தால் இரண்டாவதுதான் மலிவு.

“சக அங்கால் போனால் சய” என்று ஊரில் பாடமாக்கினோம். உண்மையில் எதுவும் அங்கால் போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவைக் கழித்தோம், அவ்வளவுதான். காரணம் தெரிந்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் வழி மறக்காது.

மூன்றாவது, சய எண்கள். 628இல் பிரம்மகுப்தர் இவற்றைக் கடன் என்றும், சக எண்களைச் செல்வம் என்றும் வைத்து விதிகளை எழுதினார். கடன் நமக்குப் புதிதா? ஆளுக்கு 20 டொலராக மூன்று பேருக்கு நீங்கள் கொடுக்கவேண்டிய கடனை அவர்கள் தள்ளுபடி செய்தால் உங்கள் நிலை 60 டொலரால் உயர்கிறது. சயவைச் சயவால் பெருக்கினால் சக வருவது இப்படித்தான்.

நான்காவது, அடைப்பு. மூன்று பைகள், ஒவ்வொன்றிலும் எக்ஸ் பலகாரமும் ஐந்து இனிப்பும் என்றால், மொத்தம் 3 எக்ஸ் பலகாரம், 15 இனிப்பு. ஐந்தைப் பெருக்க மறந்தால் இரண்டு பிள்ளைகளுக்கு இனிப்பு இல்லை. ஆனால் வர்க்கம் இப்படிப் பிரியாது. மூன்றையும் நான்கையும் கூட்டி வர்க்கித்தால் 49. தனித்தனியே வர்க்கித்துக் கூட்டினால் 25. ஐயம் வந்தால் எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, “எங்களுக்கு இங்கத்தைய பாடம் தெரியாது” என்று ஒதுங்காதீர்கள். ஊரில் தமிழில் படித்த அதே கணக்குத்தான் இது. பிள்ளை விடை கண்டதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: “ஏன் அப்படிச் செய்தாய்? விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தாயா?” இதைத் தமிழில் கேட்கலாம். பிள்ளை விளக்கம் சொல்லும்போதே அதற்குப் பாதி தெளிந்துவிடும்.

படிப்பு இடையில் நின்ற என் வயதுக்காரருக்கும் ஒரு செய்தி. ஆங்கிலத்தில் அல்ஜிப்ரா என்ற பெயர், 820ஆம் ஆண்டளவில் பக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள அல்-ஜப்ர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முறிந்ததைப் பொருத்திச் சீராக்குதல் என்பது அதன் பொருள். எலும்பு முறிவு வைத்தியத்தையும் அரபியில் அச்சொல்லால் குறிப்பார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும்.