கைமருந்தும் ஆஸ்பத்திரியும்



நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரி மக்களிடம் 'ரொங்கோவா' என்றொரு வைத்திய முறை உண்டு. மூலிகை, உடம்பு பிடித்துவிடுதல், பிரார்த்தனை ஆகிய மூன்றும் அதில் சேரும். அவ்வைத்தியம் செய்த 'தொகுங்கா' எனும் பெரியோரை ஒடுக்க 1907இல் சட்டம் இயற்றினார்கள். 1962இல் அது நீக்கப்பட்டது. 2020 முதல், விபத்தில் அடிபட்டவர் ரொங்கோவா சிகிச்சை பெறுவதற்கு அந்நாட்டு அரச விபத்து நட்டஈட்டு நிறுவனமே பணம் கொடுக்கிறது.

நமது நாட்டுக் கதை வேறு. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யுனானி, சுதேச வைத்தியங்களையும் சேர்த்தே அங்கீகரித்தது. 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் லயத்துப் பாட்டிமார் அறிந்த கைவைத்தியம் அந்தக் கதவண்டை போய்ச் சேரவில்லை.

தோட்ட மருத்துவத்துக்கென 1912இலேயே தனிச் சட்டம் வந்தது, டிஸ்பென்சரியும் வந்தது. எனினும் நடுச்சாமத்தில் பிள்ளை வீறிட்டு அழுதால், முதலில் தட்டப்பட்டது மருத்துவச்சியின் கதவுதான். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அவர்களோடு இந்த அறிவிலும் ஒரு பங்கு போய்விட்டது.

எங்கள் கல்லூரி உயர்தர மாணவரிடம், வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டுக் கைமருந்துகளை எழுதி வரச் சொன்னேன். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும், வல்லாரையும் தூதுவளையும் வந்தன. முறிவு நெரிவுக்கு அயற்கிராமத்துச் சிங்கள வெதமாத்தியாவிடம் போவதாகப் பலர் எழுதியிருந்தனர். வைத்தியத்துக்கு இனபேதம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒரு மாணவி எழுதினாள்: "ஆயா பறிக்கும் கீரை தேயிலை மலையில்தான் முளைக்கிறது, சேர். இப்போது அங்கே மருந்தடிக்கிறார்கள். அதனால் பறிப்பதில்லை."

தமிழாசிரியன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தவை சொற்கள். 'உரம் விழுந்தது', 'குடலேற்றம்', 'வாயு பிடித்தது', 'உடம்பு சூடு'. ஒரு தாய் ஆஸ்பத்திரியில் இப்படிச் சொன்னால், தமிழ் தெரியாத டாக்டர் திகைக்கிறார். தமிழ் தெரிந்தவரும் சில வேளை சிரித்துவிடுகிறார். சிரிப்பைக் கண்ட தாய் அடுத்த முறை வாய் திறப்பதில்லை. வீட்டில் என்ன கொடுத்தாள் என்பதையும் மறைத்து விடுகிறாள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி என்பார்கள். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகலாம். அங்கே ஒருநாள் தாமதமும் உயிரைக் கேட்கும். பாம்பு தீண்டினாலும் நாய் கடித்தாலும் பார்வை பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. விசர்நாய்க்கடி நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. உடனே ஊசி போடுவதே காப்பு. பாட்டியிடம் உள்ள மரியாதை பிள்ளையின் உயிருக்கு விலையாகிவிடக் கூடாது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமல்ல. தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், "வீட்டில் என்னம்மா கொடுத்தீர்கள்?" என்று கடிந்துகொள்ளாமல் கேட்கட்டும். தாயும் ஒளிக்காமல் சொல்லட்டும். பயிற்சி பெறும் டாக்டர்மாருக்கு மலையக மக்களின் நோய்ச் சொற்களை ஒரு சிறு கைநூலாக்கிக் கொடுக்கலாம். அதைத் தொகுக்க எங்களைப் போன்ற ஆசிரியர்களும் மாணவர்களும் போதும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காக வகுக்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூவகையோடு அவர் நிற்கவில்லை. அருகிருந்து பேணுபவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். ஆஸ்பத்திரி முதல் மூன்றையும் வைத்திருக்கிறது. நான்காவது ஆள், பிள்ளையின் தலைமாட்டில் கொத்தமல்லித் தண்ணீரோடு இரவெல்லாம் விழித்திருக்கும் லயத்துப் பாட்டி. அவளையும் வைத்தியத்தில் ஒரு பங்காளியாக மதிப்போம்.