எழுவாய் இல்லாத முடிவுகள்

(தில்லியில், தமிழ் பேசும் பணியிடக் கிளைச் செயலாளர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணியிடக் கூட்டங்களைத் திட்டமிடுவதும் நடத்துவதும் எவ்வாறு என்னும் பொருளில் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். நான் ஆலையில் வேலை செய்தவன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். ஒருவர் பேசுவதை மற்றவர் மொழியில் சொல்வதே என் வேலை. அந்த இருக்கையில் அமர்ந்து பல கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றை மறக்க இயலவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லிக்குத் தெற்கே உள்ள தொழிற்பகுதி ஒன்றில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலையின் தொழிலாளர் கூட்டம் நடந்தது. தமிழகத்திலிருந்து வந்திருந்த தொழிற்சங்கத் தலைவர் தமிழில் பேசினார். நான் இந்தியில் பெயர்த்தேன். நிகழ்ச்சி நிரலில் ஒன்பது பொருள்கள். அகில இந்திய நிலைமை, மாநாட்டு வேலைகள், நிதி வசூல், ஊதிய உயர்வு என்று சென்று, ஒன்பதாவதாகப் 'பிற' என்றிருந்தது. இரவு ஷிப்டுக்குச் செல்பவர்கள் எழத் தொடங்கிய நேரத்தில், கதவோரம் நின்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கையை உயர்த்தினார். பீகாரிலிருந்து வந்த இளைஞர். பவர் பிரஸ் ஒன்றின் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அது இருந்தால் உற்பத்தி குறைகிறது என்கிறார் மேற்பார்வையாளர். கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்குகிறது என்று போஜ்புரி கலந்த இந்தியில் வேகமாகச் சொன்னார். "நேரமாகிவிட்டது, சுருக்குங்கள்" என்றார் தலைமை தாங்கியவர். நானும் சுருக்கினேன். "ஏதோ ஓர் இயந்திரம் சரியில்லை என்கிறார்" என்று தலைவரிடம் தமிழில் சொன்னேன். குறிப்பேட்டில் ஒரு வரி ஏறியது: "இயந்திரப் பழுது குறித்து நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டுசெல்ல முடிவு செய்யப்பட்டது."

பதினாறு நாள்கள் கழித்து, அதே பிரஸ்ஸில் இன்னொரு தொழிலாளி வலக்கையில் இரண்டு விரல்களை இழந்தார்.

குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. சென்சாரைக் கழற்றியது லாப வெறி. ஆனால் தோழர்களே, நம் கையில் பதினாறு நாள்கள் இருந்தன. செயலாளரிடம் கேட்டபோது, தலைவர் பேசுவார் என்று நினைத்ததாகச் சொன்னார். தலைவர், அந்தப் பிரிவின் குழு உறுப்பினர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தார். அந்த உறுப்பினரோ அன்றைய கூட்டத்திற்கே வரவில்லை. எவரும் பொய் சொல்லவில்லை. குறிப்பேடுதான் எவரிடமும் எதையும் சொல்லாமல் விட்டிருந்தது.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். ஆகவே இலக்கணத்தின் வழியாகச் சொல்கிறேன். 'வந்தாய்' என்றால் 'நீ' என்பது வினைமுற்றிலேயே தெரியும். அதைத் தோன்றா எழுவாய் என்போம். அதனால் தீங்கில்லை. 'முடிவு செய்யப்பட்டது', 'கவனத்திற்குக் கொண்டுசெல்லப்படும்' என்பவை செயப்பாட்டு வினைகள். அவற்றில் செய்பவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். நம் குறிப்பேடுகள் இத்தகைய வாக்கியங்களால் நிறைந்திருக்கின்றன. செய்பவர் இல்லாத முடிவு, முடிவே அன்று. அது ஒரு விருப்பம்.

1919 ஜூலையில், டெனிகினின் படைகள் முன்னேறி வந்த நெருக்கடியில், கட்சி அமைப்புகளுக்கான கடிதத்தில் லெனின் இதே நோயைச் சுட்டினார். கூடி விவாதிப்பது தேவை. ஆனால் குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கூட்டுத்தன்மையின் பெயரால் பொறுப்பின்மையை மறைப்பது பேராபத்து என்பது அவர் வாதம். ஜனநாயக மத்தியத்துவம் என்று நாம் சொல்வதில் விவாதம் ஒரு பாதி. விவாதித்து முடித்ததைச் செய்து, செய்ததைச் சரிபார்ப்பது மறுபாதி.

இனி, நடைமுறைக்கு வருகிறேன்.

கூட்டத்திற்கு முந்தைய வேலையே முதன்மையானது. செயலாளர் மேசையில் அமர்ந்து நிகழ்ச்சி நிரல் எழுதக்கூடாது. இரண்டு நாள்கள் முன்னதாக ஒவ்வொரு பிரிவுக்கும் சென்று, "இந்த வாரம் உங்களை வாட்டுவது எது?" என்று கேட்க வேண்டும். அந்தப் பீகார் இளைஞரை எவரேனும் தேநீர் இடைவேளையில் கேட்டிருந்தால், சென்சார் ஒன்பதாம் பொருளின் வாலில் தொங்கியிருக்காது. ஒரு கூட்டத்திற்கு மூன்று பொருள்கள் போதும். நான்கைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது தகவலுக்கா, விவாதத்திற்கா, முடிவுக்கா என்று எழுதுங்கள். தகவலுக்கு மட்டுமானதை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். அதற்காக ஷிப்டு முடிந்து களைத்தவர்களை உட்கார வைக்க வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யும்போது, யார் வர இயலும் என்று பார்ப்பதைவிட யாரால் வர இயலாது என்று பாருங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்கள், இரட்டை ஷிப்டு பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகியோர் தொடர்ந்து வராமற்போனால், குறை அவர்களிடம் இல்லை. நாம் குறித்த நேரத்தில் இருக்கிறது.

கூட்டம் தொடங்கியதும் முதற்பொருள், சென்ற கூட்டத்தின் முடிவுகளாக இருக்கட்டும். எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை, ஏன்? பத்து நிமிடத்தில் முடியும். நிறைவேறாததைச் சொல்பவரை அவமதிக்காதீர்கள். அவமதித்தால் அடுத்த முறை மறைப்பார். இரண்டாவது, உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தான எதுவும் 'பிற' என்னும் தலைப்பில் வரக்கூடாது. அதற்குத் தொடக்கத்திலேயே இடம் கொடுங்கள். மூன்றாவது, தலைவர்கள் கடைசியில் பேசட்டும். தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்வார்கள். தலைமை தாங்குபவரின் வேலை தாம் பேசுவது அன்று. கதவோரம் நிற்பவரைப் பேச வைப்பது.

மொழியைப் பற்றி ஒரு சொல். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைவரான பி.பி.வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி. அவர் ஆங்கிலத்தில் பேசியது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. நமது தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆனால் மேடையிலிருந்து கீழே மொழிபெயர்ப்பது போதாது. கீழிருந்து மேலே வரும் பேச்சைத்தான் நாம் சுருக்குகிறோம். நான் அன்று செய்த பிழை அதுவே. தலைவரின் ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு சொல்லும் விடாமல் பெயர்த்தேன். தொழிலாளியின் ஒரு நிமிடப் பேச்சை நான்கைந்து சொற்களாக்கினேன். பல மொழிகள் பேசுவோர் கூடும் இடத்தில், பேசியவரிடமே மொழிபெயர்ப்பைத் திரும்பச் சொல்லி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஆகட்டும்.

முடிவு எடுக்கும்போது மூன்றைக் குறிப்பேட்டில் காண வேண்டும்: யார், எதை, எந்த நாளுக்குள். "தோழர் இன்னார், நாளை காலை ஷிப்டு தொடங்குமுன், மூன்றாம் எண் பிரஸ்ஸின் சென்சார் பற்றி ஆலை மேலாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையொப்பம் பெறுவார்." நீளமான வாக்கியம்தான், ஆயினும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் உள்ளன. கூட்டம் கலையுமுன் முடிவுகளை உரக்கப் படியுங்கள். பொறுப்பேற்றவர் அனைவர் முன்னிலும் 'ஆம்' என்று சொல்லட்டும். வராதவர் பெயரில் வேலையைப் போடாதீர்கள்.

நிர்வாகத்துடன் அமரும் குழுக்களுக்கும் இது பொருந்தும். போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான செய்முறைகள் உள்ள ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்த பின் கிடைத்த இருக்கை அது. அத்தகைய குழுக்களில் குறிப்பை எழுதுவது பெரும்பாலும் நிர்வாகமே. 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக் கையொப்பத்திற்கு நீட்டுவார்கள். யார் பரிசீலிப்பார், எந்த நாளுக்குள் என்று கேட்டு, எழுதச் செய்த பிறகே கையொப்பமிடுங்கள். நிர்வாகத்திடம் இதைக் கேட்கும் தகுதி, நம் குறிப்பேட்டில் நாம் அதைக் கடைப்பிடித்தால்தான் நமக்கு வரும்.

கூட்டம் முடிந்தபின் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. எடுத்த முடிவை வாயிற்கூட்டத்திலோ உணவு இடைவேளையிலோ, வராத தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டும். பிரச்சினையை எழுப்பியவரிடம் தனியே சென்று, என்ன ஆயிற்று என்று தெரிவிக்க வேண்டும். அந்த இளைஞர் அதன்பின் நம் கூட்டத்திற்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கத் தேவையில்லை. கையை உயர்த்திப் பேசிய பேச்சுக்கு விடை வராத இடத்திற்கு ஒருவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

தோழர்களே, உங்களிடம் ஒன்றே கேட்கிறேன். ஊர் திரும்பியதும் உங்கள் குழுவின் குறிப்பேட்டைத் திறந்து, கடைசி மூன்று கூட்டங்களின் முடிவுகளைப் படியுங்கள். எழுவாய் இல்லாத ஒவ்வொரு முடிவின் அடியிலும் சிவப்பு மையால் கோடிடுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை அந்தக் கோடுகளிலிருந்து தொடங்குங்கள்.